இடது கண் மட்டும் கொஞ்சம்

என் கடையில் முள்ளங்கிக் கிம்ச்சி இன்னும் புளிக்கவில்லை என்றால், வாங்க வந்தவரிடம் நானே சொல்லி அனுப்பிவிடுவேன். மங்வொன் சந்தையில் தொடுகறிக் கடை வைத்து, பெண்ணைப் பெற்று வளர்த்து ஆளாக்கியவள் நான். பக்கத்து அரிசிக் கேக் கடை யோங்சுன் அதைச் சொல்லித்தான் என்னைக் கேலி செய்வாள். "இவகிட்ட எது வாங்கறதா இருந்தாலும் மொதல்ல இவளையே ஒரு வார்த்த கேட்டுக்கங்க. நல்லால்லன்னு அவளே சொல்லிடுவா, உங்களுக்குக் காசு மிச்சம்" என்று வாடிக்கையாளர்களிடம் கத்துவாள். உள்ளதைச் சொல்லுகிறவள் என்ற பெயர் ஒரு கடைக்காரிக்கு லேசில் கிடைத்துவிடாது.

என் மகள் யூரிமையும் நான் புகழ்ந்து வளர்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் வரைந்த படத்துக்குப் பரிசு கொடுத்தபோதுகூட, குதிரையின் கால் சரியில்லை என்றுதான் சொன்னேன். சரியில்லைதான். அதனால் உலகமே ஒன்று சொன்னாலும், அம்மா என்ன சொல்கிறாள் என்று பார்ப்பாள். இதை முதலிலேயே நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது, ஐயா. இல்லாவிட்டால் பின்னால் நான் சொல்லப்போவது விளங்காது.

நீங்கள் டாக்டர் பியோனைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவர் என் மகளின் இமைத் தோலை அளவுக்கு மேல் வெட்டினாரா என்று கேட்கிறீர்கள். வெட்டினார். அவர் வெட்டியதிலிருந்து அவளால் கண்ணை முழுசாக மூட முடியவில்லை. தூங்கும்போதுகூட இமைக்குக் கீழே வெள்ளை தெரியும். மணிக்கொரு தரம் சொட்டு மருந்து, படுக்கும்போது களிம்பு. யூரிம் அவர் மேல் புகார் கொடுத்திருக்கிறாள், நீங்கள் விசாரிக்கிறீர்கள். நான் இங்கே வந்திருப்பது அவளுக்குத் தெரியாது. அந்த டாக்டர் மேல் தப்பில்லை என்று சொல்லத்தான் வந்தேன். ஒரு மனிதர் வீண்பழி சுமப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. என் சுபாவம் அப்படி.

முதலிலிருந்து சொல்கிறேன்.

யூரிமுக்கு அவள் அப்பாவின் கண். இமையில் மடிப்பே கிடையாது. எனக்கோ பிறவியிலேயே மடிப்பு உண்டு. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு முடிந்ததும் அவளுடைய சிநேகிதிகள் ஒவ்வொருத்தியாகப் போய், ஆபரேஷன் செய்து இமையில் மடிப்பு வைத்துக்கொண்டு வந்தார்கள். தேர்வு எழுதிய பெண்ணுக்கு வீட்டில் கொடுக்கிற பரிசு அது. யூரிமுக்கு அந்தப் பரிசு கிடைக்கவில்லை. அந்த வருடம்தான் அவள் அப்பா போய்ச் சேர்ந்தார். அப்புறம் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மெல்லிய டேப்பை இமையில் ஒட்டி மடிப்பு வரவழைத்துக்கொள்வாள். சாயங்காலம் அதைப் பிய்க்கும்போது இமை சிவந்திருக்கும். சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிற வேலை அவளுக்கு, வீட்டிலிருந்தே செய்வாள். வீட்டில் இருக்கும்போது யாருக்காக டேப் என்று கேட்டால் கண்ணாடியோடு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

பிறகு கிஜுன் வந்தான். தெற்கே தூரத்தில், கடலோரம் இருக்கிற உல்சானில் கப்பல் கட்டும் தளத்தில் இன்ஜினியர். நல்ல பையன்தான், இல்லை என்று சொல்லவில்லை. வசந்த காலத்தில் கல்யாணம், அதற்கு முன்னால் ஸ்டுடியோவில் கல்யாணப் போட்டோ எடுக்க வேண்டும், கல்யாணத்துக்குப் பிறகு அவள் உல்சானுக்குப் போய்விடுவாள் என்று பேசி முடித்தார்கள். போட்டோவுக்கு முன்னால் இமையைச் சரிசெய்துகொள்ளப் போகிறேன் என்றாள் யூரிம்.

"இருக்கற கண்ணுக்கு என்னடி கொறச்சல்?"

"நீ மடிப்போடயே பொறந்தவ. நீ பேசுவம்மா."

தன் சம்பாத்தியத்தில் செய்துகொண்டாள். ஹோங்டே பக்கம் சின்ன கிளினிக், வயதான பெண் டாக்டர். வீட்டுக்கு வந்தபோது இரண்டு கண்ணும் வீங்கி, உள்ளே விழி இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஒரு வாரம் நான் கடையைப் பாதி நேரம்தான் திறந்தேன். ஐஸ் துணியை மாற்றி மாற்றி வைத்தேன், கஞ்சி ஊட்டிவிட்டேன். என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். "அம்மா, நீ இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்" என்றாள். எட்டு வயதில் அம்மை போட்டபோது படுத்திருந்தாள் பாருங்கள், அதற்கப்புறம் அப்படி அவள் என் மடிக்கு வந்ததே இல்லை. எனக்கு அந்த வாரம் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இருந்ததைத்தானே சொல்ல வேண்டும்.

தையல் பிரித்தார்கள். வீக்கம் வடிய ஆரம்பித்தது. அவள் போனில் உல்சானில் வாடகை வீடு தேட ஆரம்பித்தாள்.

கடைக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. ஒரு நாள் காலையில் கடையின் பின்னறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். முகம் கழுவிவிட்டு வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "நல்லாருக்காம்மா? உண்மையச் சொல்லு" என்றாள்.

நன்றாக இருந்தது, ஐயா. பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று சொல்லும்படி இருந்தது. என்னைப் போலவே இருந்தாள். அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன்.

"இடது கண் மட்டும் கொஞ்சம்" என்றேன்.

வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அவள் எழுந்து போய்க் கண்ணாடி முன்னால் நின்றாள். கூடைப் பூண்டு முழுக்க உரித்து முடித்தேன், அவள் திரும்பி வரவில்லை. அப்புறம் உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆமாம்மா, கொஞ்சம் தூக்கினாப்புல இருக்குல்ல?" தூக்கினாற்போல என்று நான் சொல்லவில்லை. அவளாகக் கண்டுபிடித்தாள். இதை நான் பல முறை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

ஹோங்டேக்குப் போய்க் காட்டினாள். எந்தக் கண்ணும் இன்னொரு கண்ணைப் போல இருக்காது. ஆறு மாதம் பொறு, வீக்கம் முழுசாக வடிந்த பிறகு பேசலாம் என்று அந்தப் பெண் டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆறு மாதக் கணக்கு இந்த ஊரில் டாக்ஸி ஓட்டுகிறவருக்கும் தெரியும். வீக்கம் வடியப் பரங்கிச்சாறு குடிக்க வேண்டும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். சந்தையில் நல்ல சாறாகப் பார்த்து நானே வாங்கி வந்து, சூடுபண்ணிக் காலையிலும் மாலையிலும் கொடுத்தேன்.

சாயங்காலச் சாப்பாட்டில் உப்பைக் கூட்டினேன்.

எந்தக் கறியில் எவ்வளவு உப்புப் போட்டால் நாக்குக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும், அதுதானே என் பிழைப்பு. சோயாவில் ஊறிய நண்டு, கிம்ச்சிக் குழம்பு, கருவாட்டுத் துவட்டல். பரங்கிக் கஞ்சியில்கூடக் கொஞ்சம் சர்க்கரையும் நிறைய உப்பும். "என்னம்மா, உன் கைப்பக்குவம் இப்பல்லாம் எங்கயோ போயிருச்சு" என்று இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிடுவாள். கழுத்து வலி என்று ஒரு நாள் சொன்னாள். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் கழுத்துக்கு நல்லது என்றேன். மறுநாள் காலையில் இரண்டு இமையும் உப்பியிருந்தன. இடது இமை ஒரு பிடி அதிகம்.

அப்படியாக நான் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. காலையில் அவள் கேட்பாள், நான் பார்ப்பேன், கண்ணில் படுவதைச் சொல்வேன்.

யோங்சுன் ஒரு நாள் அரிசிக் கேக் கொண்டு வந்தவள், யூரிம் கண்ணை மறைத்துப் போட்டிருந்த தொப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அடியே, டிவி சீரியல்ல வர்றவ மாதிரில்ல ஆயிட்ட! இத எதுக்குடி மூடி வச்சிருக்க?" என்றாள். யூரிமின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். யோங்சுன் போன பிறகு, "அவ யாரத்தான் அழகில்லன்னு சொல்லிருக்கா? செத்த பொணத்தையும் சிரிச்ச மொகம்னு சொல்றவ" என்றேன். யூரிம் சிரித்தாள், தொப்பியைத் திரும்பவும் போட்டுக்கொண்டாள்.

போட்டோ எடுப்பதைத் தள்ளிப்போட்டார்கள். அப்புறம் கல்யாணத்தையே இலையுதிர் காலத்துக்குத் தள்ளினார்கள். யூரிம் வெளியே போவதை விட்டுவிட்டாள். என்னோடு பின்னறையில் உட்கார்ந்து கீரை ஆய்வாள், சீரியல் பார்ப்போம், நடிகைகளின் கண்ணைப் பற்றிப் பேசுவோம். எந்த நடிகை எந்த வருடம் என்ன செய்துகொண்டாள் என்று அவளுக்கு அத்துப்படி. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சண்டை இல்லை, அழுகையும் அவ்வளவாக இல்லை.

கிஜுன் உல்சானிலிருந்து ரயிலேறி வந்தான். அவள் தொப்பியும் முகக்கவசமுமாக அவன் எதிரில் உட்கார்ந்திருந்தாள். நிறையக் கெஞ்சிய பிறகு கழற்றினாள். அவன் பார்த்துவிட்டு அழகாக இருக்கிறது என்றான்.

"நான் உருளக்கெழங்கா மாறினாலும் நீ அழகுன்னுதான் சொல்லுவ."

"உருளக்கெழங்கும் எனக்குப் பிடிக்கும், என்ன பண்ணச் சொல்ற?"

அவள் சிரிக்கவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டாள். அவன் என்னிடம் வந்தான். நான் கல்லாப் பக்கம் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றான், பிள்ளை வாத்தியார் முன்னால் நிற்பதுபோல.

"அத்தை, எனக்கு ரெண்டு கண்ணும் ஒண்ணாத்தான் தெரியுது. காலைல கொஞ்சம் உப்பிருக்கு, அவ்ளோதான். ஆனா நான் சொன்னா அவ நம்ப மாட்டேங்கறா. நீங்க நல்லாருக்குன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா அடங்கிருவா."

"எனக்குப் பொய் சொல்ல வராது மாப்ள" என்றேன்.

அவன் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனான். அந்தப் பையனின் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கூப்பிட்டுவிடலாமா என்றுகூட வாயெடுத்தேன். அதற்குள் வாடிக்கையாளர் ஒருவர் வந்துவிட்டார்.

யூரிம் இன்னொரு ஆபரேஷன் என்று பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். கண் சரியாக அமையாத பெண்கள் இணையத்தில் குழு வைத்திருக்கிறார்கள், இவளும் தன் படத்தைப் போட்டிருக்கிறாள். தூங்கி எழுந்த முகத்தோடு எடுத்த படம். 'சாசேஜ் கண்' என்று, அதாவது இமை கறிக்குழல் மாதிரி உருண்டு தடித்த கண் என்று, நாலு பேர் எழுதிவிட்டார்கள். என்னிடம் கொண்டு வந்து காட்டினாள். "திரும்பப் பண்ணிக்கட்டுமாம்மா? இல்ல, ஆறு மாசம் பொறுத்துப் பாக்கட்டுமா? நீ என்ன சொல்ற?"

அன்றைக்கு நான் யோசித்தேன், ஐயா. அவசரப்பட்டு வாய் விடவில்லை. ஆறு மாதம் பொறுத்தால் என்ன ஆகும்? உப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? என்றைக்காவது ஒரு நாள் வெளியில் சாப்பிட்டுவிட்டு வருவாள், வலது பக்கம் திரும்பிப் படுப்பாள், காலையில் கண்ணாடியைப் பார்த்துக் கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவளே தெரிந்துகொள்வாள். இலையுதிர் காலத்தில் போய்விடுவாள். திரும்பச் செய்துகொண்டாலோ முதலிலிருந்து எல்லாம் தொடங்கும். ஐஸ் துணி, கஞ்சி, திரும்பவும் ஆறு மாதம். நான் கேட்டது அந்த ஆறு மாதத்தைத்தான். அவள் கண் கெட வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை.

"மனசுல ஒரு கொற இருந்தா அத வச்சுக்கிட்டுப் புருஷன் வீட்டுக்குப் போகக் கூடாதுடி. பண்ணிரு" என்றேன்.

ஹோங்டே டாக்டர் முடியாது என்று சொல்லிவிடுவார். அதனால் ஆப்குஜோங்கில் பெரிய கிளினிக்காகப் பார்த்து நான்தான் அழைத்துப் போனேன். அந்த மாதிரி இடங்களில் டாக்டர் பேசுவது கடைசியில், அதுவும் கொஞ்ச நேரம். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் கேட்டு, எல்லாவற்றையும் முடிவு செய்வது ஆலோசகி என்று உட்கார்ந்திருக்கும் பெண்தான். யூரிமைப் போட்டோ எடுக்கப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார்கள். ஆலோசகி என்னிடம் கேட்டாள்.

"மொத ஆபரேஷன் எப்ப நடந்துச்சு அம்மா?"

"எட்டு மாசம் இருக்கும்" என்றேன். உண்மையில் மூன்று மாதம்கூட நிறையவில்லை.

"தழும்பு இன்னும் செவப்பா இருக்கே?"

"அவளுக்குச் சின்னக் கீறல் பட்டாலே ஆறாது. சின்ன வயசிலேர்ந்து அப்படித்தான்."

எனக்குப் பொய் சொல்ல வராது என்று நினைத்திருந்தேன். பழக்கமில்லாததால் வராமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு டாக்டர் பியோன் வந்தார். மெல்லிய கம்பியால் இமையைத் தொட்டு அழுத்திப் பார்த்தார். முதல் நாள் சாயங்காலம் அவள் நண்டு சாப்பிட்டிருந்தாள். "இம ரொம்பத் தடிப்பா இருக்கே" என்றார். அவளுக்கு அப்பா கண் என்றேன். செத்துப்போன மனிதரைக் கூப்பிட்டு அவர் எப்படிச் சரிபார்ப்பார்? ஆலோசகி எழுதி வைத்திருந்ததைப் பார்த்து, எட்டு மாதத்துக்கு அப்புறமும் தடிப்பு என்றால் அது வீக்கமல்ல, தோல்தான் என்று முடிவு செய்தார். ஆபரேஷனுக்கு முதல் நாளும் அவளுக்குப் பிடித்ததையே சமைத்துப் போட்டேன். அவர் பார்த்த இமைக்குத் தக்கபடி அவர் வெட்டினார்.

வீக்கம் வடிந்தபோது இமை போதவில்லை.

முதலில் பார்த்தது நான்தான். மத்தியானம் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. விழித்திருக்கிறாள் என்று நினைத்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், கண்ணின் வெள்ளை காய்ந்து போயிருந்தது. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நான் செய்தேன், நான்தான் செய்தேன் என்று என் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. அவளுக்கு முன்னால் ஒரு தடவைகூட அது வெளியே வரவில்லை. இன்றைக்குத்தான் வந்திருக்கிறது, உங்களிடம்.

இப்போது அவளால் படம் வரைய முடியவில்லை. வெள்ளைத் தாளைப் பார்த்தாலே கண் எரிகிறது, தண்ணீர் கொட்டுகிறது. கிஜுன் வாராவாரம் வருகிறான். இப்படியே கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்கிறான். "சரியாகட்டும், அப்புறம் வரேன். ஒம்மேல பாரமா வந்து விழ மாட்டேன்" என்று இவள் பிடிவாதம் பிடிக்கிறாள். பல்கலைக்கழக மருத்துவமனையில் காட்டினோம். காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்து இமையில் வைத்தால் கண் மூடும் என்று சொன்னார்கள். நன்றாகவே மூடுமாம், அதிகம் தாமதிக்கக் கூடாதாம். பெரிய செலவு. கிஜுன் தருகிறேன் என்றான், இவள் தொட மாட்டேன் என்றுவிட்டாள். உங்கள் தீர்ப்பைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். டாக்டர் பியோன் பக்கம் தப்பு என்று நீங்கள் முடிவு செய்தால் அந்தச் செலவு அவர் தலையில் விழும். உடனே செய்துகொள்வாள். நேற்றுக்கூட உல்சானில் கடல் தெரிகிற மாதிரி ஒரு வீட்டின் படத்தை என்னிடம் காட்டினாள். அந்தக் கண்ணோடு, அவ்வளவு சிரிப்பு.

அதனால்தான் இன்றைக்கே வந்தேன்.

நீங்கள் கேட்பது புரிகிறது. நான் இப்படிச் சொன்னால் வழக்கு நிற்காது, அவளுக்கு ஆபரேஷன் நடக்காது, அது தெரிந்துதான் சொல்கிறேனா என்று கேட்கிறீர்கள். தெரியும், ஐயா. அதற்காக ஒரு நிரபராதியின் தலையில் பழியைப் போடச் சொல்கிறீர்களா? டாக்டரிடம் பொய் சொன்னது நான், கெடுத்தது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அபராதம் ஏதாவது உண்டென்றால் கடையை விற்றாவது கட்டிவிடுகிறேன். உள்ளே போட வேண்டும் என்றால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள், மணிக்கொரு தரம் அவளுக்கு மருந்து விட ஆள் வேண்டும்.

காலையில் கிளம்பும்போது, "இந்த ஆபரேஷன் கெடச்சா பண்ணிக்கலாமாம்மா? உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டாள். மறுபடி மறுபடி கத்தி வைக்க வேண்டாம், இதுவே பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவளைப் பற்றி நான் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை, பாவம், என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள்.

ஒரே ஒரு உதவி. நான் இங்கே சொன்னது யூரிம் காதுக்குப் போக வேண்டாம். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?